குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்கு ஆறுதலான ஒரு கார்ப் பயணம்: யாழ்ப்பாணத்திலிருந்து திட்டமிடும் முறை

பலாலியில் விமானம் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சென்னையில் இறங்கிவிடலாம். இவ்வளவு பக்கம் என்பதாலோ என்னவோ, நம்மவர்கள் திட்டத்தை மிகவும் நெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஐந்து நாளுக்குள் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் முடிக்க வேண்டும் என்பார்கள். கடைசியில் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது கார் சீற்றும் வாந்தியும்தான். முதல்முறை குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எந்த ஒழுங்கில் யோசித்தால் பயணம் களைப்பில்லாமல் அமையும் என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஆர் ஆர் வருகிறார்கள்?

இடங்களை எழுதுவதற்கு முன்னால் ஆட்களை எழுதுங்கள். அம்மம்மாவுக்கு முழங்கால் நோவா? சின்னவளுக்கு மத்தியான நித்திரை வேண்டுமா? நீரிழிவுக்காரருக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டுமா? குடும்பத்தில் எல்லாரையும்விடக் கெதியாகக் களைக்கிறவர் எவரோ, அவருடைய வேகம்தான் பயணத்தின் வேகம். திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரிடம் போக நானூறுக்கும் மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அம்மம்மா கீழே மாணிக்க விநாயகர் சந்நிதியில் இருக்கட்டும், அப்பாவும் பிள்ளைகளும் ஏறி வரட்டும் என்று இங்கேயே பேசி முடித்துவிட்டால் அங்கே மனக்கசப்பு வராது.

படி 2: காலம்

நமக்கு நீண்ட பாடசாலை விடுமுறை ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் மாதங்களில். ஏப்ரலில் அங்கே வெயில் கொளுத்தும். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை முடிந்திருக்காது; காவிரிப் பக்கம் வெள்ளம் வரக்கூடும். ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா 25 நாள், அதை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது. அந்த நாட்களைத் தவிர்த்துவிட்டு விடுமுறையில் மிஞ்சுவதைப் பாருங்கள். ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா என்பதால் நாகப்பட்டினம் பக்கம் அறை கிடைப்பது கடினம். பொங்கலையொட்டிய நாட்களில் சென்னை நெடுஞ்சாலைகள் நிரம்பி வழியும். பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் ஜனவரிக் கடைசியிலும் பெப்ரவரியிலும் போவதுதான் நல்லது என்பேன்.

படி 3: கடதாசிகள்

இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய விசா கட்டாயம், கைக்குழந்தைக்கும்தான். இணையவழி விசாவோடு எல்லா வழியாலும் நுழைய முடியாது. குறிப்பிட்ட சில நுழைவிடங்கள் மட்டுமே அதற்கு உண்டு. டிக்கெட் போடும் முன் நீங்கள் இறங்கும் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

படி 4: எதால் போய் எதால் வருவது?

செலவையும் களைப்பையும் கூடுதலாகக் குறைக்கிற முடிவு இதுதான். சென்னை விமானத்தோடு, 2025 மார்ச் இறுதியிலிருந்து பலாலி–திருச்சி விமானமும் வந்தது. சென்னையில் இறங்கித் தெற்கே வந்து திருச்சியில் விமானம் ஏறினால், வந்த வழியே 330 கிலோமீற்றர் திரும்பி ஓடத் தேவையில்லை. சேவை நாட்கள் மாறும் என்பதால் முதலில் இரண்டு டிக்கெட்டையும் உறுதி செய்துவிட்டு, அதற்கு நடுவில் திட்டம் போடுங்கள்.

காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் சுமார் நான்கு மணித்தியாலம். காவிரி டெல்டாக் கோயில்களுக்கு மட்டும் போகிறவர்களுக்கு அது நல்ல வழி. ஆனால் கடல் பொங்கினால் நிறுத்திவிடுவார்கள்; 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளிலேயே மழைக்காலம் வந்து நின்ற சேவை, 2024 ஓகஸ்டில்தான் மறுபடி ஓடியது. கப்பலில் போனால் திரும்பும் பக்கம் இரண்டு நாளாவது கையிருப்பாக விடுங்கள்.

படி 5: பட்டியலை வெட்டுங்கள்

வீட்டில் ஒவ்வொருவரும் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரேயொரு இடத்தைச் சொல்லட்டும். மிச்சமெல்லாம் வழியில் கிடைத்தால் சரி. அப்புறம் இரண்டு விதிகள். ஒன்று, ஒரு ஊரில் குறைந்தது இரண்டு இரவு. ஒவ்வொரு நாளும் பெட்டி கட்டுவதைப் போல் பிள்ளைகளோடு போகிறவர்களை வாட்டுவது வேறில்லை. ஒரே ஓர் ஊருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுக்கலாம். இரண்டு, காலையில் ஓர் இடம், பின்னேரம் ஓர் இடம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்கள் மத்தியானம் 12 மணியளவில் நடை சாத்தி 4 மணிக்குப் பிறகே திறக்கின்றன. அந்த இடைவேளையில் இன்னொரு ஊருக்கு ஓடாமல் அறைக்கு வந்து சாப்பிட்டுப் படுங்கள். வெயிலும் தணியும், பிள்ளைகளும் பின்னேரம் சிரித்த முகத்தோடு வருவார்கள்.

எட்டு இரவுக்கு நான் போடுகிற வழி இது. சென்னை விமான நிலையத்திலிருந்து நகருக்குள் போகாமல் நேரே மாமல்லபுரம், இரண்டு இரவு. முதல் நாள் வேறொன்றும் வேண்டாம், கடற்கரையில் பிள்ளைகளை விளையாட விடுங்கள். அடுத்த நாள் காலை வெயிலுக்கு முன் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும். அங்கே நுழைவுச்சீட்டுக்கு வெளிநாட்டவருக்குரிய பெரிய கட்டணம் நமக்கில்லை. சார்க் நாட்டவருக்கு இந்தியருக்குரிய கட்டணம்தான். கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

மூன்றாம் நாள் புதுச்சேரியில் மத்தியானச் சாப்பாட்டோடு சிதம்பரம். இதுதான் அந்த ஒற்றை இரவு. பின்னேரம் நடராசர் தரிசனம். ஆறுமுக நாவலர் 1864இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலை இந்த ஊரில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஊர் அவர்களுக்கு நெருங்கிவிடும். நாலாம் நாள் எட்டு மணிக்கு வெளிக்கிட்டால் கங்கைகொண்ட சோழபுரத்தை ஆறுதலாகப் பார்த்துவிட்டு மத்தியானம் கும்பகோணம் சேரலாம். அங்கே மூன்று இரவு: தாராசுரம், சுவாமிமலை, ஒரு நாள் தஞ்சைப் பெரிய கோயில். கடைசி இரண்டு இரவு திருச்சியும் ஸ்ரீரங்கமும்.

ஊருக்கு ஊர் போகும் தூரத்தை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 400 கிலோமீற்றர், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகிற தூரம். மதுரையை நான் சேர்க்கவில்லை. வேண்டுமென்றால் திருச்சிக்கு முன் இரண்டு இரவு கூட்டுங்கள், எட்டுக்குள் திணிக்காதீர்கள்.

படி 6: மணித்தியாலக் கணக்கு

கூகுள் மேப்ஸ் காட்டும் நேரம் நிற்காமல் ஓடும் காருக்கு. குடும்பத்துக்கு அதை ஒன்றரையால் பெருக்குங்கள். இரண்டு மணித்தியாலம் என்று காட்டினால் மூன்று என்று எழுதுங்கள். தேநீர், கழிவறை, வாந்தி, இளநீர்க் கடை எல்லாம் அந்த மேலதிக ஒரு மணித்தியாலத்துக்குள் வரும். அப்படிப் பெருக்கிய பிறகும் ஒரு நாளில் ஓடும் நேரம் ஐந்து மணித்தியாலத்தைத் தாண்டினால் அந்தத் திட்டம் பிழை, இடையில் ஓர் ஊரில் தங்குங்கள்.

தூரத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். திருச்சி–மதுரை சுமார் 140 கிலோமீற்றர், நாலு வழிச் சாலை, கெதியாகப் போய்விடும். கும்பகோணத்தைச் சுற்றிய கோயில்களுக்கு இருபது கிலோமீற்றர் போகவே ஒடுங்கிய தெருக்களும் வேகத்தடைகளும் முக்கால் மணித்தியாலத்தைத் தின்றுவிடும். இருட்டிய பின் நெடுஞ்சாலையில் ஓடுவதைத் திட்டத்தில் வைக்கவே வேண்டாம்.

படி 7: வாகனமும் காசும்

நம்மைப் போலவே அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் நீங்களே ஓட்டலாம். ஆனாலும் முதல் பயணத்துக்குச் சாரதியோடு கூடிய வாடகைக் கார்தான் என் தேர்வு. வழியும் நிறுத்துமிடமும் அவருடைய பொறுப்பு, உங்கள் கவனம் பிள்ளைகளிடம் இருக்கும். சாரதியோடு வாடகைக்கு ஓடும் காருக்கு மஞ்சள் நிற இலக்கத்தகடு இருக்கும், வெள்ளைத் தகடு தனியார் கார். மஞ்சள் தகடு இல்லாத காரை வாடகைக்கு எடுக்காதீர்கள். ஆறு பேர் என்றால் இன்னோவா. மூன்றாவது வரிசையில் ஆள் இருந்தால் பெட்டி வைக்க இடம் குறைவு, மேலே கேரியர் இருக்கிறதா என்று கேளுங்கள்.

விலை கேட்கும்போது இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்: கிலோமீற்றருக்கு எவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீற்றர், சாரதிக்குப் பேட்டா (நாட்படி) எவ்வளவு, டோல், பார்க்கிங், புதுச்சேரி பர்மிட் யாருடைய கணக்கு, தூரத்தை எங்கிருந்து எண்ணுகிறார்கள். கடைசிக் கேள்வி முக்கியம். கார் அவர்களுடைய இடத்திலிருந்து வெளிக்கிட்டுத் திரும்பப் போய்ச் சேரும் வரை எண்ணுவதுதான் வழக்கம். சென்னைக் காரைத் திருச்சியில் விட்டால் அது வெறுமனே திரும்பும் தூரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள்.

ஆறுதலாகப் போகிற குடும்பத்துக்கு இன்னொரு சிக்கல் அந்தக் குறைந்தபட்சத் தூரம். நாளொன்றுக்கு 250 கிலோமீற்றர் என்று பேசினால், 40 ஓடினாலும் 250க்குத்தான் காசு. அதை வீணாக்கக் கூடாது என்று சனம் இன்னும் நாலு கோயிலைச் சேர்க்கும், அதோடு திட்டம் குலைந்துவிடும். அதற்குப் பதில் ஊருக்கு ஊர் போக ஒருவழி டிராப் டாக்ஸி, தங்கும் ஊரில் அரை நாளைக்கு உள்ளூர்க் கார் அல்லது ஆட்டோ என்று பிரித்துப் பாருங்கள். இரண்டு கணக்கையும் கடதாசியில் எழுதி ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள். ஒரே சாரதி முழுக்க வருவதிலும் ஒரு நிம்மதி உண்டு. அப்படியானால் அவர் படுக்க இடமிருக்கிறதா என்று விடுதியில் கேளுங்கள். நித்திரை கொள்ளாத சாரதியோடு யாரும் பிள்ளைகளை ஏற்றக்கூடாது.

படி 8: அறைகள்

தமிழ் பேசினாலும் அங்கே நாம் வெளிநாட்டவர். விடுதிக்காரர் நம் விவரத்தை 24 மணித்தியாலத்துக்குள் அரசுக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குப் பஞ்சிப்பட்டு வெளிநாட்டுக் கடவுச்சீட்டை எடுக்காத சிறிய லொட்ஜ்கள் உண்டு. முன்பதிவு செய்தாலும் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். லிஃப்ட் இருக்கிறதா, மேற்கத்தியக் கழிவறையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

படி 9: வெளிக்கிடும் முன்

ஒரு தாளில் தேதி, ஊர், விடுதி விலாசம், வெளிக்கிடும் நேரம் இவ்வளவும் எழுதிச் சாரதிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், இன்னொரு பிரதி அம்மம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். மருந்துகளோடு வைத்தியரின் துண்டும் வேண்டும். அவசரத்துக்கு 112, அம்புலன்சுக்கு 108. கடைகளில் பெரும்பாலானோர் கைபேசியில் கியூஆர் குறியீட்டை ஸ்கான் செய்துதான் காசு கொடுப்பார்கள், நமக்கு அது கைகொடுக்காமல் போகலாம், ஆகவே சில்லறையாக இந்திய ரூபாய் வைத்திருங்கள்.

சாறி, பாத்திரம் வாங்குவதைத் திருச்சிக்கு விடுங்கள். என்.எஸ்.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும், பெட்டிகளையும் வழி முழுக்கச் சுமக்கத் தேவையில்லை. விமானத்துக்கு முதல் நாள் காலையில் கடைக்குப் போய், பின்னேரம் அறையில் பெட்டிகளை நிறுத்துப் பாருங்கள். நிறை கூடினால் எதைக் கையில் கொண்டுபோவது என்று தீர்மானிக்க ஓர் இரவு முழுக்க இருக்கிறது.