ஸ்கங்க் பீய்ச்சிய நாயை உடனே குளிப்பாட்டாதீர்கள்

ஸ்கங்க் என்பது, மிரண்டால் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும் பூனையளவு காட்டு விலங்கு. வட அமெரிக்காவில் நாய் வளர்ப்பவர்கள் பலருக்கு அதனால் இந்த இரவு ஒருநாள் வந்துவிடுகிறது. தூங்கப் போகுமுன் தோட்டத்தில் விட்ட நாய் இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்து கதவைப் பிறாண்டும். கண்ணைத் திறக்க முடியாமல் சிமிட்டும், வாயோரம் நுரை தள்ளும், முகத்தைப் புல்லில் தேய்த்துத் தேய்த்து எடுக்கும். ரப்பர் எரிவதும் பூண்டு அழுகுவதும் கலந்ததுபோன்ற நெடி அதற்கு முன்பே உள்ளே வந்திருக்கும்.

பாவம் பார்த்துக் கதவைத் திறந்துவிடாதீர்கள். ஸ்கங்க் பீய்ச்சுவது மஞ்சள் நிற எண்ணெய். நாய் எதன்மேல் உரசினாலும் அதில் ஒட்டிக்கொள்ளும். சோபாவில் ஏறிவிட்டால் நாயைச் சுத்தம் செய்வதைவிட சோபாவைச் சுத்தம் செய்வது பெரும்பாடு.

நாற்றத்தைப் பார்க்குமுன் கண்ணைப் பாருங்கள். இந்த வரிசையைத்தான் எல்லோரும் மாற்றிவிடுகிறார்கள். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரையோ கண் கழுவும் உப்புக் கரைசலையோ (சலைன்) மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். மறுநாளும் கண் சிவந்து, நாய் அதைச் சுருக்கிக்கொண்டே இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

உடம்பில் மட்டும் இப்போதைக்குத் தண்ணீர் வேண்டாம். அந்த எண்ணெயில் தயோல், தயோஅசிடேட் என்று இரண்டு வகை கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. உடனே மூக்கைத் துளைப்பது தயோல். தயோஅசிடேட் அவ்வளவு நாறாது, ஆனால் தண்ணீர் படப்பட அதுவும் மெல்லத் தயோலாக மாறும். நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டிய நாய், சில வாரம் கழித்து மழையில் நனைந்ததும் மறுபடி நாறுவது இதனால்தான்.

தக்காளிச் சாறு ஊற்றுவது பழைய நம்பிக்கை. அது தயோலை ஒன்றும் செய்வதில்லை. அந்த நெடியிலேயே நின்றுகொண்டிருப்பவரின் மூக்கு மரத்துப்போய், போய்விட்டது என்று தோன்றும். வெளியிலிருந்து வரும் ஒருவர் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொள்வார்.

வேலை செய்வது, அமெரிக்க வேதியியலாளர் பால் கிரேபாம் சொன்ன கலவை. 1993இல் அச்சில் வந்தது. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் ஒரு லிட்டர், சமையல் சோடா கால் கப், பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி. சோப்பு எண்ணெயைப் பிரிக்கும். மற்ற இரண்டும் சேர்ந்து தயோலை ஆக்சிஜனேற்றி, வாடை இல்லாத பொருளாக மாற்றும். கையுறை போட்டுக்கொண்டு, காய்ந்த ரோமத்தில் தோல்வரை தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். முகத்துக்குத் துணியில் நனைத்து, கண்ணை விட்டுத் தள்ளியே துடையுங்கள். கறுப்பு ரோமம் கொஞ்சம் வெளுக்கலாம்.

இந்தக் கலவையிலும் தவறுகள் நடக்கின்றன. தலைமுடிச் சாயத்துக்கான வீரியமான பெராக்சைடை எடுத்துவிடுகிறார்கள். அது தோலைப் புண்ணாக்கும். மிஞ்சியதைப் பாட்டிலில் மூடி வைப்பது அதைவிட ஆபத்து. ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருப்பதால் பாட்டில் வெடித்துவிடும். அவ்வப்போது புதிதாகக் கலந்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.

நாற்றம் அடங்கிய நிம்மதியில் பலர் கடியைத் தேடுவதே இல்லை. என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான். அமெரிக்காவில் ரேபிஸைச் சுமக்கும் முக்கியக் காட்டு விலங்குகளில் ஸ்கங்கும் ஒன்று. மூக்கு, உதடு, காது மடல், முன்னங்கால் எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் ரோமத்தை விலக்கிப் பாருங்கள். சின்னக் கீறலாக இருந்தாலும், ஏற்கெனவே தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், அன்றே மருத்துவரை அழையுங்கள். கூடுதல் ஊசி தேவைப்படும்.

அடுத்த சில நாட்கள் ஈறையும் சிறுநீரையும் கவனியுங்கள். மிக அருகில் பீய்ச்சப்பட்ட நாய்க்கு, அபூர்வமாக, இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து இரத்தசோகை வரும். ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து படுத்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மறுநாள் இரவு அதே நாயை அதே இருட்டில் அவிழ்த்துவிடவும் வேண்டாம். ஸ்கங்க் வாசல்படிக்கு அடியிலேயே வளை வைத்திருக்கலாம். முதலில் விளக்கைப் போட்டு ஒரு நிமிடம் பாருங்கள். முன்னங்காலைத் தரையில் தட்டி, வாலைத் தூக்கிக்கொண்டு அது நின்றால், அது எச்சரிக்கை. மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் அதன் வீச்சு எட்டும். நாயை வாரில் பிடித்து மெதுவாகப் பின்னே வந்துவிடுங்கள்.