பாய் விரிச்சு ஷியாட்சு: பீரியட்ஸ் வலி, குறுக்கு வலிக்கு வீட்லயே செய்யலாம்

ஒகேனக்கல் போனவங்களுக்கு மாலிஷ்னா என்னன்னு தெரியும், எண்ணெய ஊத்தி பட்டு பட்டுன்னு தட்டி ஆளையே பிழிஞ்சு காயப்போட்டுருவாங்க. ஆனா பாறை மேல படுத்திருக்கறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான், நம்ம பொம்பளைங்க துண்டையும் பையையும் பாத்துக்கிட்டு மீன் வறுவல் பொட்டலத்தோட ஒக்காந்திருப்போம்.

ஷியாட்சுக்கு எண்ணெயும் வேணாம், துணி மாத்தவும் வேணாம். நைட்டியோ சுடிதாரோ போட்டபடியே தரையில பாய் விரிச்சு, மேல ஒரு ஜமக்காளத்த ரெண்டா மடிச்சு போட்டு படுத்தா போதும். ஜப்பான்காரங்க முறை இது, ஷின்னா விரல், அட்சுன்னா அழுத்தம். நமிகோஷி டோகுஜிரோன்னு ஒருத்தர் 1940ல இதுக்குன்னே டோக்கியோல பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு, சின்ன வயசுல அவங்கம்மாவோட மூட்டுவலிக்கு அமுக்கி விட்டுத்தான் கத்துக்கிட்டதா சொல்லுவாங்க. 1964ல ஜப்பான் அரசாங்கம் இத தனி சிகிச்சையாவே ஒத்துக்கிச்சு.

செய்யறவங்க முதல்ல நகத்த வெட்டுங்க. அப்புறம், கை பலத்துல அமுக்கவே கூடாது. முழங்கைய மடக்காம நீட்டி வெச்சுக்கிட்டு உடம்பு வெயிட்ட மெதுவா அது மேல சாய்க்கணும், படுத்திருக்கறவங்க மூச்ச விடும்போது சாயணும், அஞ்சு எண்ணற வரைக்கும் நிக்கணும், அப்புறம் மெதுவா எடுக்கணும். நான் இது தெரியாம எங்க அத்தைக்கு கட்டவிரலாலயே ஒரு மணி நேரம் நெக்கு நெக்குன்னு நெக்கினேன், மறுநாள் களி கிண்ட துடுப்ப பிடிக்க முடியல, அத்தைக்கும் முதுகு கன்னிப்போச்சு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில படுத்திருந்தோம்.

பீரியட்ஸ் வலிக்கு முதல் இடம் குறுக்குக்கு கீழ, பின்பக்கம் இருக்கற முக்கோண எலும்பு. குப்புற படுக்க சொல்லுங்க, வயித்துக்கு கீழ ஒரு தலகாணி. அந்த எலும்பு மேல உள்ளங்கைய பதிய வெச்சு, மேல இன்னொரு கைய வெச்சு, மெதுவா சாயுங்க. பத்து தடவ போதும். சூடான உள்ளங்கை அங்க படும்போதே "அப்பாடா"ன்னு ஒரு மூச்சு வரும் பாருங்க, அந்த மூச்சு வந்தா இடம் சரின்னு அர்த்தம். நடு முதுகெலும்பு மேல மட்டும் நேரா அழுத்தாதீங்க, அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற சதையிலதான். புள்ளைங்கள முதுகுல ஏறி மிதிக்க சொல்ற பழக்கம் நம்ம பக்கம் இருக்கு, தயவு செஞ்சு அத விட்ருங்க.

ரெண்டாவது கால். உள்பக்க கணுக்கால் மொட்டுல இருந்து மேல நாலு விரல் (அவங்கவங்க விரல்) அளந்து, முன்னெலும்புக்கு சரியா பின்னாடி கட்டவிரல வெச்சா ஒரு இடம் சுருக்குன்னு வலிக்கும். இத நீங்களே ஒக்காந்து செஞ்சுக்கலாம். இந்த புள்ளிய அழுத்தினா மாதவிடாய் வலி குறையுதுன்னு சின்ன அளவுல ஆராய்ச்சிகள் வந்திருக்கு, பெரிய அளவுல உறுதியான ஆதாரம் இல்ல. என் அனுபவத்துல வலி பாதியாகும், சுத்தமா போகாது.

தோள்பட்டை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், தக்காளி கிரேடு தூக்கறவங்களுக்கும் மிஷின்ல குனிஞ்சு தைக்கறவங்களுக்கும் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல கல்லு மாதிரி இருக்கும், ஒக்கார வெச்சு பின்னாடி நின்னு சாயுங்க. மாதவிடாய் நிக்கற வயசுல தூக்கம் வராதவங்களுக்கு உள்ளங்காலும் பின்மண்டைக்கு கீழ இருக்கற பள்ளமும் நல்லதுன்னு சொல்லுவாங்க. அஞ்செட்டி ரோட்டு வளைவுல வாந்தி வர்றவங்க கையோட உள்பக்கம், மணிக்கட்டு ரேகையில இருந்து முழங்கை பக்கமா மூணு விரல் தள்ளி, ரெண்டு நரம்புக்கு நடுவுல பிடிச்சு பாருங்க.

இப்ப முக்கியமான விஷயம். கர்ப்பமா இருந்தா அந்த கணுக்கால் புள்ளி, தோள்பட்ட மேல்பக்கம், கட்டவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற இடம், குறுக்கு, எதையும் அழுத்தாதீங்க. நரம்பு சுருட்டிக்கிட்ட கால், திடீர்னு வீங்கின கெண்டக்கால், காய்ச்சல், புண், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, இவங்களுக்கும் வேணாம். மாசாமாசம் ரத்தம் கட்டி கட்டியா போறது, மாத்திரைக்கும் அடங்காத வலி, இதுக்கெல்லாம் நேரா லேடி டாக்டர்கிட்ட போங்க, உள்ள கட்டி இருந்தாலும் அப்படி வரும்.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்குன்னே இன்னொன்னு இருக்கு. ஃப்ளோரைடு தண்ணி பல வருஷம் குடிச்ச பெரியவங்களுக்கு முட்டியும் முதுகும் மரத்துண்டு மாதிரி விறைச்சு போயிருக்கும், அது சதைப்பிடிப்பு இல்ல, எலும்பே மாறிப்போனது. (அந்த தண்ணி பிரச்சனைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமும் ஜப்பான் கடன்லதான் வந்துச்சு.) அவங்களுக்கு அழுத்தமெல்லாம் வேணாம், உள்ளங்கைய சும்மா வெச்சு எடுங்க, எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.

யாரு செஞ்சு விடுவான்னு கேட்டீங்கன்னா, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஞாயித்துக்கெழம மத்தியானம் கதவ சாத்திட்டு, போன சைலண்ட்ல போட்டுட்டு, ஆளுக்கு 20 நிமிஷம்னு மாத்தி மாத்தி செய்யறோம். சாப்ட்டு ஒரு மணி நேரம் கழிச்சுதான். போன வாரம் அக்கா பாதியிலயே குறட்டை விட்டுட்டாங்க, என் முறை இன்னும் பாக்கி நிக்குது.