ஊர்க் கபடிக்கு லைவ் போடுவது எப்படி

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 நொடி. அது முடிந்த 5 நொடிக்குள் எதிரணி ரைடர் கிளம்பியாக வேண்டும். கிரிக்கெட் மாதிரி பந்துக்குப் பந்து மூச்சுவிட நேரம் கிடைக்காது. விளையாட்டு வீடியோ கற்க நினைக்கும் குழுவுக்கு இதைவிடக் கறாரான வாத்தியார் இல்லை. 16 அணி நாக்-அவுட் என்றால் மொத்தம் 15 ஆட்டம். முதல் ஆட்டத்தில் செய்த தப்பை இரண்டாவதிலேயே திருத்திக்கொள்ளலாம்.

தேவையானவை பெரும்பாலும் ஊரிலேயே இருக்கும். கல்யாண வீடியோ எடுப்பவரிடம் கேமராவும் ட்ரைபாடும், மைக் செட்காரரிடம் மிக்சர், ஆடுகளத்துக்குப் பக்கத்து வீட்டில் ஃபைபர் இணைப்பு, பழைய ஆட்டக்காரர் ஒருவரிடம் வர்ணனை. ஆறு பேர் போதும்: மெயின் கேமரா, இரண்டாம் கேமரா, ஸ்விட்சிங் (எந்தக் கேமராவின் படம் திரைக்குப் போவது என்று மாற்றுவது), ஸ்கோர், சவுண்ட், ஓடியாட ஒருவர்.

மெயின் கேமரா எங்கே?

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டுக்கு நேராக, பக்கக்கோட்டுக்கு வெளியே கேமரா நிற்க வேண்டும். போனையே கேமராவாக வைத்தால், அதன் சாதாரண 1எக்ஸ் லென்ஸுக்குள் 13 மீட்டரும் அடங்கக் கோட்டிலிருந்து 9 முதல் 10 மீட்டர் பின்னே போக வேண்டியிருக்கும். இடமில்லை என்று 0.5எக்ஸ் லென்ஸுக்கு மாறாதீர்கள். பெரும்பாலான போன்களில் அதன் சென்சார் சிறியது, இரவில் படம் புள்ளி புள்ளியாகப் பொரிந்துவிடும்.

உயரம்தான் பலர் தப்புக்கணக்குப் போடும் இடம். கோட்டிலிருந்து 10 மீட்டர் பின்னே, 10 அடி உயரத்தில் லென்ஸ் இருக்கிறது என்று வையுங்கள். கோட்டிலிருந்து கேமரா பக்கமாக 4 மீட்டர் தள்ளி ஒருவர் எழுந்து நின்றாலே முன்பக்கக் கோடு மறைந்துவிடும், உட்கார்ந்திருந்தால் மறைக்காது. அதனால் கேமரா இருக்கும் பக்கம் தரையில் உட்காருபவர்களுக்கு மட்டும் என்று விழாக் கமிட்டியிடம் முன்கூட்டியே பேசிக் கயிறு கட்டிவிடுங்கள். டிராக்டர் டிரெய்லர் மேல் நிற்பதானால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, ஓரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். வேடிக்கை பார்க்க ஒரு பையன் ஏறினாலும் படம் குலுங்கும்.

இரண்டாம் கேமரா அதே பக்கத்து மூலையில், தோள் உயரத்தில். எதிர்ப்பக்கம் போனால் இடப்பக்க அணி வலப்பக்கம் தெரியும். பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஃபோகஸ் லைட்டுகளை நேருக்கு நேர் பார்க்கிற மூலையையும் தவிருங்கள்.

செட்டிங்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மைதான விளக்குகள் பல நொடிக்கு 100 தடவை மங்கித் துலங்கும். போன் வழக்கமாக நொடிக்கு 30 ஃப்ரேமில் எடுக்கும். ஷட்டர் 1/60 ஆக இருந்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். ஃப்ரேம் 25 அல்லது 50, ஷட்டர் 1/100 வையுங்கள். கேமரா மெனுவில் என்டிஎஸ்சி (60 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) என்றிருந்தால் பிஏஎல்-க்கு (50 ஹெர்ட்ஸ் முறை) மாற்றினால்தான் இந்த எண்கள் தெரியும். ஜெனரேட்டரில் ஓடும் விளக்கென்றால் அதிர்வெண் 50-இல் நிலையாக நிற்காது, அதனால் 1/100-இலும் லேசாகப் பட்டை ஊரலாம். 1/50-க்கு இறங்கினால் குறையும், ஆனால் கை கால் அசைவு கொஞ்சம் மங்கலாகும்.

எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் மூன்றையும் மேனுவலில் பூட்டிவிடுங்கள். பின்னால் இருட்டு, நடுவில் வெளிச்சம் என்பதால் ஆட்டோவில் ஆட்டக்காரர் முகம் சுண்ணாம்பாகும். ஆட்டோ ஃபோகஸ் இன்னும் மோசம்: விளக்கைச் சுற்றும் பூச்சி ஒன்று லென்ஸ் முன் பறந்தால் அதைப் பிடிக்கப் போய்விடும். நடுக்கோட்டில் ஒருவரை நிறுத்தி ஃபோகஸ் வைத்துப் பூட்டுங்கள்.

ரெய்டை எடுப்பது

புதியவர் கைக்குக் கேமரா வந்தால் முதலில் செய்வது ரைடர் மேல் ஜூம் போவது. ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டித் திரும்புகிறார், இரண்டு பேர் கணுக்காலைப் பிடிக்கிறார்கள், அவர் கையை நீட்டி விழுகிறார். கை நடுக்கோட்டைத் தொட்டதா? ஃப்ரேமில் முகமும் தோளும்தான் இருக்கின்றன. கபடியில் உயிர் அந்தக் கோட்டில்தான். நடுக்கோடு எப்போதும் ஃப்ரேமுக்குள் இருக்க வேண்டும். ரெய்டு நடக்கும் பாதிக்களமும் நடுக்கோடும் தெரிந்தால் போதும், அதற்குமேல் நெருங்க வேண்டாம். முகம், கொண்டாட்டம், காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எல்லாம் இரண்டாம் கேமராவின் வேலை. ரெய்டு ஓடும்போது ஸ்விட்ச் பண்ணாதீர்கள்.

ரீப்ளேக்கு, லேப்டாப்பிலிருந்து லைவ் அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில் ரீப்ளே பஃபரை (கடைசிச் சில நொடிப் படத்தை நினைவில் வைத்திருக்கும் வசதி) 15 நொடிக்கு வைத்து, சேமிக்க ஒரு ஷார்ட்கட் கீ கொடுங்கள். முழுத்திரையில் போட்டால் அடுத்த ரெய்டு போய்விடும். டைம்-அவுட், லோனா (ஓர் அணி முழுதும் அவுட் ஆவது), நடுவரோடு வாக்குவாதம் நடக்கும் நேரம் இவற்றுக்குத் தள்ளிப்போடுங்கள். பாதி வேகத்தில் காட்டுவதென்றால் 50 ஃப்ரேமில் எடுத்து, ஓபிஎஸ்ஸும் 50-இலேயே ஓட வேண்டும், இல்லையேல் வெட்டி வெட்டி வரும். இன்னொன்று: உங்கள் வீடியோவைக் காட்டச் சொல்லி இரு அணியும் லேப்டாப்பைச் சூழ்ந்துகொள்ளும். அதை நடுவர் பார்ப்பாரா மாட்டாரா என்பதை ஆட்டம் தொடங்குமுன் கமிட்டி முடிவு செய்து மைக்கில் அறிவிக்கட்டும்.

லேப்டாப்பும் கேபிளும்

கேமராவிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள், அங்கிருந்து கேப்சர் கார்டு (கேமரா படத்தை லேப்டாப்புக்குள் கொண்டுவரும் சின்னக் கருவி), பிறகு லேப்டாப். எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால் படம் விட்டுவிட்டு வர வாய்ப்பு அதிகம், அதனால் லேப்டாப்பைக் கேமராவின் காலடியிலேயே வையுங்கள். மலிவான யூஎஸ்பி கார்டுகள் பல 1080பி தரத்தில் 30 ஃப்ரேமைத் தாண்டாது. எதை வாங்கினீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி அடையாளம், ஃபோகஸ் கட்டம் எல்லாம் திரையில் வந்தால் கேமரா மெனுவில் எச்டிஎம்ஐ தகவல் காட்டுவதை நிறுத்துங்கள். போனை அடாப்டர் வைத்து எச்டிஎம்ஐயில் இணைக்கலாம் என்பார்கள். விலை குறைந்த போன்கள் பலவற்றின் டைப்-சி வழியே படம் வெளியே வராது.

ஸ்கோருக்கு ஓபிஎஸ்ஸில் டெக்ஸ்ட் சோர்ஸ் போட்டு, நோட்பேட் ஃபைலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். எண்ணை மாற்றிச் சேமித்தால் திரையில் மாறும். ஸ்கோர் போடுபவர் ஸ்கோரர் மேசையைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். மைக்கில் வர்ணனை சொல்பவர் ஆர்வத்தில் நடுவருக்கு முன்பே புள்ளி கொடுத்துவிடுவார். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறும், திரையிலும் இடம் வலம் மாற்ற மறக்காதீர்கள்.

சவுண்டை மிக்சரின் ரெக்கார்டிங் அவுட்டிலிருந்து எடுங்கள். அதை லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகினால் லெவல் அதிகமாகிக் கரகரக்கும். லைன் உள்ளீடு கொண்ட சின்ன யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் தேவை. கேப்சர் கார்டு வழியே படம் தாமதமாக வருவதால் ஒலி முந்தும். கேமரா முன் ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து, பொருந்தும் வரை ஓபிஎஸ்ஸில் ஒலியைத் தாமதப்படுத்துங்கள். 100 மில்லிநொடியில் தொடங்கிப் பாருங்கள். ஆட்டத்துக்கு நடுவே மைக் செட்டில் சினிமாப் பாட்டு ஓடும். அப்போது அந்தச் சேனலை மியூட் செய்யுங்கள், இல்லையென்றால் காப்புரிமைப் புகாரில் யூடியூப் லைவையே நிறுத்தக்கூடும்.

இணையமும் கரண்டும்

முந்தின நாள் வெறும் மைதானத்தில் மொபைல் டேட்டா பிரமாதமாக ஓடும். கூட்டம் சேர்ந்ததும் டவர் திணறும். பக்கத்து வீட்டு ஃபைபரிலிருந்து லேன் கேபிள் இழுங்கள், 100 மீட்டர் வரை தாங்கும். 720பி தரத்துக்கு 3000 கேபிபிஎஸ் (நொடிக்கு 3000 கிலோபிட்) போதும். அப்லோடு வேகம் அதைப்போல் இரு மடங்கு இருக்கட்டும். மணிக்குச் சுமார் 1.35 ஜிபி போகும். மைதானத்தில் ஜெனரேட்டர் ஓடினாலும், ஊரில் கரண்ட் போனால் அந்த வீட்டு ரவுட்டர் அணைந்துவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு சிறு யுபிஎஸ் வையுங்கள். புதுச் சேனலில் லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், அதை முன்னாடியே இயக்கி வைத்துவிடுங்கள். லைவோடு லேப்டாப்பிலும் எம்கேவி வடிவில் பதிவு ஓடட்டும்; நடுவில் அணைந்தாலும் அதுவரையிலான படம் மிஞ்சும்.

வேலையை மாற்றிக்கொள்வது

புதியவரை முதலில் ஸ்கோரில் உட்கார வையுங்கள். மூன்று ஆட்டம் புள்ளி போட்டால் போனஸ், சூப்பர் டேக்கிள் (மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது ரைடரைப் பிடிப்பது), லோனா எல்லாம் விரல் நுனிக்கு வந்துவிடும். அடுத்து இரண்டாம் கேமரா, கடைசியில்தான் மெயின். வேலையை ஆட்டத்துக்கு நடுவில் மாற்றாதீர்கள். ஸ்விட்சிங் செய்பவர் "ரெண்டு ரெடி" என்று சொல்லி, ஒரு நொடி விட்டு "ரெண்டு" என்றால் மாறுவது என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். ஒரு நோட்டில் மூன்று நெடுவரிசை: நேரம், என்ன தவறியது, யார் கையில் இருந்தது. நடுக்கோடு ஃப்ரேமை விட்டுப் போன தடவைகளை மட்டும் தனியாக எண்ணி, மெயின் கேமராவுக்கு அடுத்து வரப்போகிறவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள்.