ஞாயிற்றுக்கிழமைக் கோழியில் டைனோசரைத் தேடுவது எப்படி

லீவுக்கு வந்திருந்த அக்கா மகன், "கோழியும் டைனோசராமே, நெசமா மாமா?" என்று கேட்டான். ஆமாம்டா என்று முடித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கறிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எலும்பைப் பிரித்துப் பார்க்கப் பிராய்லர் ஆகாது. ஒன்றரை மாதக் குஞ்சு அது, எலும்பு முனையெல்லாம் குருத்து. முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியாகக் கேளுங்கள். "வெட்ட வேண்டாம், முழுசா குடுங்க, காலும் வேணும்" என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் கத்தி இறங்கிவிடும்.

அடுப்பில் ஏற்றுமுன் கழுத்தடியில் விரல் விட்டுத் தடவுங்கள். கவட்டைக்குச்சி மாதிரி மெல்லிய எலும்பு ஒன்று தட்டுப்படும். நமக்குக் கழுத்தடியில் இரண்டு பக்கமும் இருக்கிறதே, அந்தக் காறை எலும்புகள் இரண்டும் ஒட்டி ஒன்றானது அது. டைனோசருக்குக் காறை எலும்பே கிடையாது, அதனால் பறவை அதன் வழியில் வந்திருக்க முடியாது என்று 1926-இல் பறவைகளின் தோற்றம் பற்றிய புத்தகத்தில் டென்மார்க்கின் ஹெயில்மன் எழுதினார். பல பத்தாண்டுகள் அந்தப் பேச்சுதான் எடுபட்டது. வேடிக்கை என்னவென்றால், மங்கோலியாவில் கிடைத்து 1924-லேயே பெயர் வைக்கப்பட்ட ஓவிராப்டர் என்ற டைனோசரில் அந்தக் கவட்டை இருந்தது. வேறு ஏதோ எலும்பு என்று நினைத்துவிட்டார்கள். டி-ரெக்ஸுக்கும் அது உண்டு என்று பின்னால் தெரிந்தது.

திறந்த சட்டியில், மஞ்சள் போடாமல், சிறு தீயில் வேகவையுங்கள். முதல் தடவை நான் குக்கரில் ஆறு விசில் விட்டேன். எது விலா, எது விரல் என்றே தெரியவில்லை. சூப்பாகக் குடித்துத் தீர்த்தோம். இரண்டு இறக்கைகளையும் தனித்தனிப் பாத்திரத்தில் வேகவைத்தால் குழப்பம் வராது. கறியைத் தின்றுவிட்டு எலும்புகளைச் சோப்புத்தூள் தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பிளீச்சிங் பவுடர் எலும்பை அரித்துவிடும்.

இப்போது இறக்கை நுனியைப் பாருங்கள். நாம் கடித்துத் துப்பும் அந்தத் துண்டுக்குள் மூன்று விரல் இருக்கிறது: கட்டைவிரல் மாதிரி தனியாக நிற்பது ஒன்று, நீளமாக ஒன்று, அதை ஒட்டிக் குட்டியாக ஒன்று. வெலாசிராப்டர் என்ற டைனோசரின் கையிலும் மூன்றுதான். மேற்கை எலும்பின் தோள் முனையில் ஒரு சின்னக் குழி தெரியும். நுரையீரலோடு சேர்ந்த காற்றுப்பை எலும்புக்குள் நுழையும் வாசல் அது. தொடை எலும்பை உறிஞ்சினால் மஜ்ஜை வரும், இதில் ஒன்றும் வராது. சில டைனோசர் எலும்புகளிலும் இதே மாதிரி காற்றறைகள் உண்டு.

கோழிக்கு முழங்கால் பின்பக்கம் மடங்குவதாக எல்லாரும் நினைக்கிறோம். கடைக்காரர் காலை வெட்டிப்போடக் கத்தி வைக்கும் இடம் உண்மையில் கணுக்கால். அதற்குக் கீழே செதிலோடு இருப்பது பாதம். மூன்று எலும்பு ஒட்டி ஒரே குச்சியாகிவிட்டது. அதன் அடிமுனையில் மூன்று உருளை இன்னும் பிரிந்தே இருக்கின்றன, விரலால் எண்ணலாம். டி-ரெக்ஸும் இப்படித்தான், குதிகால் தரையில் படாமல் விரலூன்றி நடந்தது.

வெயிலில் காயவைக்கும்போது மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள். எங்கள் வலது இறக்கையின் கட்டைவிரலைக் காக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டது.