வீடு மாறியாயிற்று, உடம்பு இன்னும் மாறவில்லை: குடிபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருங்களத்தூர் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். விடியற்காலை மூன்று மணி இருக்கும். அம்மா கட்டிலை விட்டு எழுந்து இடப்பக்கம் திரும்பி, சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார். 19 வருடம் இருந்த மாம்பலம் வீட்டில் பாத்ரூம் இடப்பக்கம்தான், ஸ்விட்ச் கதவோரம் தோள் உயரத்தில் இருக்கும். இங்கே அந்த இடத்தில் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். நல்லவேளை, பெட்டிமேல் சாய்ந்ததால் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவது சாமான்களை மட்டும்தான். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், மாத்திரை எங்கே இருக்கும், எத்தனை மணிக்கு நடக்கப் போவோம் என்பதெல்லாம் பழைய வீட்டோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுகிறது. வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவர்கள் இருந்தால் முதல் மாதம் இதனால்தான் சிக்கல்.

மாத்திரையிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாவின் மாத்திரை டப்பா காபிப்பொடிக்குப் பக்கத்தில் இருக்கும். காலையில் காபி போடும்போது கை தானாக அதற்குப் போகும். சாமான் கட்ட வந்த பையன்கள் சமையலறையை அரை மணி நேரத்தில் காலி செய்தபோது, அந்த டப்பாவும் 11 பெட்டிகளில் ஏதோ ஒன்றுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் மாத்திரை இல்லை. 'இரண்டு நாள்தானே' என்று விடுகிற விஷயம் இல்லை இது. அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் படபடப்பும் பிரஷரும் எகிறலாம், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. இரண்டு வார மாத்திரை, மருந்துச் சீட்டு, சர்க்கரை பார்க்கும் மிஷின், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு தோள்பையில் போட்டு, லாரியில் ஏற்றாமல் கையோடு கொண்டுபோங்கள். புது வீட்டில் காபிப்பொடிக்கு இடம் முடிவானதும் பக்கத்திலேயே மாத்திரைக்கும் இடம் பிடித்துவிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டோம். பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதத்தில் மாறுகிறோம், அதாவது அக்னி நட்சத்திர வெயிலில். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உபயோகத்தில் இருப்பது 30 டிகிரிக்குள் என்றால் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். ஆனால் ஃப்ரிட்ஜை இறக்கிய உடனே போடக் கூடாது, சில மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். அதுவரைக்கும் தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்து மண்பானைத் தண்ணீரில் விட்டுவைக்கலாம். ஐஸ் கட்டிமேல் நேராக வைத்துவிடாதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பிறகும் பயன்படாது.

அப்புறம் பால் காய்ச்சும் நாள். விடியற்காலை முகூர்த்தம், பூஜை முடியும்வரை யாரும் சாப்பிடுவதில்லை, டிபன் வர ஒன்பது மணி ஆகிவிடும். கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையையோ இன்சுலினையோ வழக்கமான நேரத்தில் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் நிற்கிறவருக்கு லோ சுகர் வந்துவிடலாம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். சுற்றி இருப்பவர்கள் 'தூக்கம் கெட்டிருக்கிறது, அசதி' என்று நினைத்துக்கொள்வார்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்க வேண்டும். அன்றைக்கு மருந்தை எப்போது போடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பெரியவர்கள் நேரத்துக்கு இரண்டு இட்லி சாப்பிட்டால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

ராத்திரி நடைக்கு நாங்கள் செய்தது இது. அம்மாவின் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை ஒரு பெட்டிகூட வைக்காமல் பாதையைக் காலி செய்தோம். வழியில் இரண்டு சின்ன நைட் லேம்ப். பாத்ரூம் வாசலில் நழுவுகிற துணி மிதியடியை எடுத்துவிட்டு ரப்பர் மிதியடி. அதைவிட உதவியது, பகலில் நாலைந்து தடவை அம்மாவைக் கூடவே நடத்திக் காட்டியது. 'வலது பக்கம், ஏழு காலடி' என்று அவரே எண்ணிக்கொள்ள ஆரம்பித்தார். ஷோகேஸ் அடுக்குவது ஒரு மாதம் கழித்துக்கூட நடக்கலாம், இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் பலரும் செய்யும் தவறு, டிடிஎஸ் மீட்டரை நம்புவது. ஆர்ஓ விற்க வருகிறவர் மீட்டரை டம்ளரில் விட்டு எண்ணைக் காட்டுவார். லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தரநிர்ணயம். அந்த எண் கரைந்த உப்பைத்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. எண் நூறு காட்டினாலும் சம்ப் எனும் நிலத்தடித் தொட்டியில் சாக்கடை கலந்திருக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்க முடியும். முடிவு வரும்வரை கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

சம்ப்பையும் மேல்தொட்டியையும் குடிபோகும் முன்பே கழுவச் சொல்லுங்கள், சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, காய்ந்த தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடந்த வீட்டில் நாம் வந்து தண்ணீர் ஏற்றியதும் பொரியும், ஒரு வாரம் பத்து நாளில் கொசு பறக்கும். ஃப்ரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு, பயன்படுத்தாத டாய்லெட்டின் ஃப்ளஷ் டேங்க் இரண்டையும் மறக்காதீர்கள்.

புது பெயிண்ட் வாடை வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது, சில நாள் ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகு போங்கள். பழைய வீடு என்றால் வேறு கவலை. வீட்டு பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) வரம்பு 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அங்கே இருக்கக் கூடாது. காற்றோட்டமில்லாத பாத்ரூமில் கேஸ் கீசர் இருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாடையே கிடையாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்துகொண்டிருந்தால், புதுப் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பதிய வேண்டும். தானாக மாறும் என்று காத்திருந்தால் மாத்திரை தீர்ந்துவிடும். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டால் சிகிச்சையைப் புது ஊருக்கு மாற்றித் தருவார்கள். நடுவில் ஒரு நாளும் விட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பதற்றத்தில் 108-க்குப் பேசும்போது வாயில் பழைய முகவரிதான் முதலில் வரும். என் தம்பிக்கே அப்படி வந்தது, பாதியில் திருத்திச் சொன்னான். இப்போது எங்கள் கதவுக்கு உள்பக்கம், கண்ணாடி போடாமலே அம்மா படிக்கிற அளவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். வீட்டு எண், தெருப் பெயர், அதற்குக் கீழே: பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது.