வெளிநாட்டு ஆய்வு மாநாடு: போகிறவர்களும் நடத்துகிறவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னாட்டு ஆய்வு மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறவருக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் 20 நிமிடம். 15 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கேள்வி. அதற்காகத்தான் மாதக்கணக்கான வாசிப்பு, கைமாற்று வாங்கி எடுத்த விமானச் சீட்டு, பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போவது எல்லாம். கொழும்பிலிருந்து அப்படிப் போகிற தமிழ் ஆய்வாளர்களையும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து மாநாடு நடத்துகிற நம்மவர்களையும் நெடுநாளாகப் பார்த்து வருகிறேன். தவறு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பறிபோவது அந்த 20 நிமிடம்தான். விசா பிந்தினால் முழுதாகப் போகும். தொடக்கவிழா நீண்டால் பாதியாகும். கட்டுரை எழுத்துரு மாறித் திறந்தால் வாயடைத்து நிற்க வேண்டிவரும்.

அழைப்பை நம்புமுன்

முதுமாணிப் பட்டம் இன்னும் முடிக்காத மாணவருக்குக்கூட “மதிப்புக்குரிய பேராசிரியரே, எங்கள் மாநாட்டில் நீங்கள் சிறப்புரை ஆற்ற வேண்டும்” என்று மின்னஞ்சல் வருகிறது. சந்தோஷப்படுமுன் கொஞ்சம் விசாரியுங்கள். பதிவுக் கட்டணத்துக்காகவே நடத்தப்படும் மாநாடுகள் உலகம் முழுவதும் உண்டு. ஐதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 50.1 மில்லியன் டொலர் செலுத்தும்படி 2019இல் தீர்ப்பு வந்தது. வரச் சம்மதிக்காத அறிஞர்களின் பெயர்களைப் போட்டு மாநாடுகளை விளம்பரப்படுத்தியதும் அந்த வழக்கில் ஒரு குற்றச்சாட்டு.

சோதிக்கும் வழி எளிது. ஆலோசனைக் குழுவில் பெயர் போட்டிருக்கும் ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழக முகவரிக்கு நேரே எழுதிக் கேளுங்கள். கடந்த வருட நிகழ்ச்சி நிரலைத் தேடிப் பாருங்கள். ஒரே மண்டபத்தில், ஒரே நாளில் பல் மருத்துவமும் மொழியியலும் நீர்ப்பாசனமும் நடக்கிறதென்றால் அங்கே உங்கள் துறையைச் சேர்ந்த கேட்போர் இருக்க மாட்டார்கள். கட்டுரையை அனுப்பி இரண்டு நாளில் “ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள்” என்று பதில் வந்தால், அதை யாரும் வாசிக்கவில்லை என்று பொருள். பதவி உயர்வுப் புள்ளிக்காக இது தெரிந்தே போகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் நல்ல நூல்கள் வாங்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

பெயர், விசா, லீவு

நம் பெயர்களில் வரும் சிக்கல் வேறு எவருக்கும் இந்த அளவுக்கு வராது. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக நீண்டிருக்கும். கட்டுரையில் முதலெழுத்து மட்டும் இருக்கும். முகநூலில் வேறொரு எழுத்துக்கூட்டல். திருமணத்துக்குப் பிறகு சில பெண்கள் இரண்டு பெயரிலும் எழுதியிருப்பார்கள். மாநாட்டுக் குழு முகநூல் பெயரைப் பார்த்து அழைப்புக் கடிதம் அடித்து அனுப்பிவிடும். விசா அதிகாரியின் மேசையில் இது இரண்டு ஆட்களாகத் தெரியும். பதிவு செய்யும் முதல் நாளே கடவுச்சீட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளை அப்படியே கொடுங்கள். சான்றிதழில் எந்தப் பெயர் வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லலாம்.

அழைப்புக் கடிதம் அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று: “தங்கள் வருகையை ஆவலோடு எதிர்பார்க்கிறோம்” என்ற வாழ்த்துக் கடிதத்தால் விசா கிடைக்காது. கடவுச்சீட்டு இலக்கம், கட்டுரைத் தலைப்பு, மாநாட்டு நாள்கள், இடத்தின் முழு முகவரி, பயணச் செலவையும் தங்கும் செலவையும் யார் ஏற்கிறார்கள், கையெழுத்திட்டவரின் பதவி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தூதரகத்திலிருந்து அழைத்தால் அந்த எண்ணை யாராவது எடுக்கவும் வேண்டும்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு தனி ரகம். சென்னையும் மதுரையும் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. கோயிலுக்குப் போகிற அதே சுற்றுலா விசாவில் போய்க் கட்டுரையும் வாசித்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறோம். இந்தியாவில் நடக்கும் பன்னாட்டு மாநாடுகளுக்கு மாநாட்டு விசா என்று தனி வகையே இருக்கிறது. அதற்கு மாநாட்டை நடத்தும் நிறுவனம் இந்திய அரசின் அனுமதியை முன்கூட்டியே வாங்கி, அதன் பிரதியை வெளிநாட்டுப் பேராளர்களுக்கு அனுப்ப வேண்டும். அழைப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது “உள்துறை அமைச்சின் அனுமதி எடுத்துவிட்டீர்களா?” என்பதைத்தான். பல கல்லூரிகளுக்கு இப்படியொன்று இருப்பதே நாம் கேட்ட பிறகுதான் தெரிய வருகிறது. சுற்றுலா விசாவில் போனவருடைய பெயர் நிகழ்ச்சி நிரலிலும் பத்திரிகையிலும் படத்தோடு வரும். அடுத்த முறை விசா கேட்கும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரலாம்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது ஷெங்கன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்தால் முடியாது. முடிவு சொல்ல வழமையாக 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள்வரை எடுத்துக்கொள்வார்கள். முன்பதிவு கிடைக்கவே சில வாரம் போய்விடும் காலங்களும் உண்டு. ஆகவே ஏற்புக் கடிதம் கிடைத்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி வேண்டும். அப்புறம் நம்மவர்களுக்கே உரிய ஒரு விஷயம். மாநாடு ஜெர்மனியில் மூன்று நாள், ஆனால் அண்ணா குடும்பம் பாரிஸில். அங்கே இரண்டு கிழமை தங்கும் எண்ணத்தை மறைத்துவிட்டு விண்ணப்பிக்கிறோம். மறைக்க வேண்டியதில்லை. உறவினரைப் பார்ப்பது குற்றமல்ல. எந்த நாடு பயணத்தின் முக்கிய இடம் என்பதை நோக்கத்தையும் தங்கும் நாள்களையும் வைத்துப் பார்ப்பார்கள், அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளதைச் சொல்லி, அண்ணாவின் கடிதத்தையும் இணைத்தால் விண்ணப்பம் வலுப்பெறுமே தவிர கெடாது.

அரச ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் விசாவை நினைத்தே கவலைப்பட்டு, லீவை மறந்துவிடுகிறார்கள். நாட்டுக்கு வெளியே போகப் பொது 126 படிவம் நிரப்பி அனுமதி பெற வேண்டும். அதிபர், வலயக் கல்வி அலுவலகம் என்று அது மேசை மேசையாக ஏறி இறங்கும். இரண்டு மாதமாவது முன்னால் கொடுத்துவிட்டு, எந்த மேசையில் நிற்கிறது என்று நேரில் போய்ப் பாருங்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்குத் துறைத்தலைவர், பீடாதிபதி என்று இன்னொரு படி வரிசை. இரண்டுக்கும் அழைப்புக் கடிதத்தின் மூலப்பிரதி கேட்பார்கள் என்பதால் ஒன்றுக்கு மேல் வாங்கி வைத்திருங்கள்.

கட்டுரையும் பேச்சும்

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் இலங்கையில் இன்னும் ஏராளம். கொழும்பில் உங்கள் கணினியில் அழகான தமிழாகத் தெரிவது, அந்த எழுத்துரு இல்லாத கோலாலம்பூர்க் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எல்லாக் கணினியிலும் திறக்கும் ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றித்தான் அனுப்ப வேண்டும். மாற்றும் மென்பொருளில் முழுக் கட்டுரையையும் ஒரேயடியாகப் போட்டால், உசாத்துணையில் உள்ள ஆங்கில நூற்பெயர்களையும் அது தமிழாக நினைத்து மாற்றிவிடும். அந்தப் பகுதிகளைப் பிரித்து வைத்துவிட்டு மாற்றுங்கள். மாற்றியதை ஒருமுறை வரிவரியாக வாசியுங்கள். மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும்தான் அதிகம் சிதையும். பேசும் நாளுக்கு படவில்லைகளைப் பிடிஎப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துச் செல்லுங்கள்.

பேச்சில் நடக்கும் பெரிய தவறு, 25 பக்கக் கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்குவது. நிதானமாகத் தமிழில் வாசித்தால் 15 நிமிடத்தில் ஆறேழு பக்கத்தைத் தாண்ட முடியாது. முன்னுரையும் முன்னாய்வு மதிப்பீடும் முடியுமுன்னே, நேரமாகிவிட்டது என்று அமர்வுத் தலைவர் சீட்டு அனுப்புவார். கண்டுபிடித்த விஷயம் 19ஆம் பக்கத்திலேயே கிடக்கும். நான் மாணவர்களுக்குச் சொல்வது: உங்கள் முடிவை இரண்டாவது நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். மிச்ச நேரம் அதற்கான ஆதாரம். மேடையிலிருக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளிக்க வேண்டாம், “அவைக்கு வணக்கம்” போதும். நேரம் மிஞ்சினால் கேள்விக்குக் கொடுங்கள். உங்கள் ஆய்வை வளர்க்கப் போவது கேள்விகள்தான். சங்கடமான கேள்வி வந்தால் எழுதிக்கொள்ளுங்கள். “இதை நான் பார்க்கவில்லை, பார்க்கிறேன்” என்று சொன்ன ஆய்வாளரை யாரும் குறைவாக நினைத்து நான் கண்டதில்லை.

நடத்துகிறவர்களுக்கு

முதலில் நாள் குறிப்பது. கொழும்பில் நடத்துவதானால் முழுநிலா விடுமுறையான போயா நாளைப் பாருங்கள். மாதம் ஒன்று வரும், அன்று அலுவலகங்கள் பூட்டு. ஏப்ரல் நடுவில் புத்தாண்டு, மே மாதம் வெசாக். வெளிநாட்டில் நடத்துவதானால் அந்த ஊரின் விடுமுறைகளையும், நம் பேராளர்கள் விசா எடுக்க வேண்டிய வாரங்களில் இங்கே வரும் விடுமுறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொழும்புக்கு வருகிறவர்களுக்கு இணையவழிப் பயண அனுமதியில் மாநாடு என்பது சுற்றுலாவில் அடங்காது, வணிக நோக்கத்தின் கீழ் வரும். இதை அழைப்போடு எழுதி அனுப்பாவிட்டால் எல்லோரும் சுற்றுலா என்றே எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இணையவழி அமர்வு வைத்தால் நேர வித்தியாசம். இலங்கை நேரம் வருடம் முழுவதும் மாறாது. ரொறன்ரோவில் கோடையில் காலை 10 மணி என்றால் இங்கே மாலை 7:30, குளிர்காலத்தில் அதே 10 மணி இங்கே இரவு 8:30. ஐரோப்பா ஒக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், வட அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. இடையில் உள்ள வாரத்தில் மாநாடு வைத்தால் எல்லோருக்கும் குழப்பம்தான். நிகழ்ச்சி நிரலில் இரண்டு ஊர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

பணத்தை ரூபாவில் மட்டும் திட்டமிடாதீர்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மண்டபத்துக்கு வெளிநாட்டு நாணயத்தில் முற்பணம் கட்ட வேண்டிய குழுவுக்கு இப்படியொரு மாற்றம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அனுசரணை வாக்குறுதியைக் கையில் வந்த பணமாக எண்ணவும் கூடாது. யார் பெயரில் கணக்கு, யார் கையெழுத்து, மாநாடு நின்றுபோனால் கட்டணம் திரும்புமா என்பவற்றை இரண்டு நிறுவனங்களும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நண்பர்கள்தானே என்று விட்ட இடத்தில்தான் பின்னால் முகம் பார்க்க முடியாமல் போகிறது.

இனித் தொடக்கவிழா. மங்கல விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்பு நடனம், ஆசியுரைகள், தலைமையுரை, வாழ்த்துரைகள், மலர் வெளியீடு, முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், பொன்னாடை. ஒவ்வொன்றும் மரியாதைக்குரியது, எனக்கும் பிடித்தது. ஆனால் 9 மணிக்கு என்று போட்ட விழா பிரதம விருந்தினருக்காகக் காத்திருந்து 10 மணிக்குத் தொடங்கி 1 மணிக்கு முடிந்தால், காலை அமர்வின் ஆறு கட்டுரைகள் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்தைந்து நிமிடமாக நெரிக்கப்படும். மட்டக்களப்பிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வந்து, விமானம் ஏறிப்போன இளம் விரிவுரையாளரிடம் “முடிவுரையை மட்டும் சொல்லுங்கள்” என்று சொல்வது பெரிய அநியாயம். விழாவைத் தனியாக முதல் நாள் மாலையில் வையுங்கள். இல்லையென்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். விருந்தினர் பிந்தினால் அமர்வைத் தொடங்கிவிட்டு, அவர் வரும்போது இடையில் பேச வையுங்கள். அமர்வுத் தலைவர்களுக்கு முன்கூட்டியே எழுதி, நேரத்தைக் காப்பது அவர்கள் பொறுப்பு என்று சொல்லுங்கள். தலைவரே பத்து நிமிடம் பேசிவிட்டு அடுத்தவரை அவசரப்படுத்தும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு.

கட்டுரைகளை அள்ளிப் போட்டு, தேநீர் இடைவேளையை வெட்டுவதும் தவறு. தனிநாயகம் அடிகளும் மற்ற அறிஞர்களும் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964இல் தொடங்கியது, டெல்லியில் நடந்த கீழைத்தேயவியலாளர் மாநாட்டுக்கு வந்திருந்தபோதுதான். வேறொரு மாநாட்டுக்கு வந்த தமிழறிஞர்கள் ஒன்றுகூடிப் பேச நேரம் கிடைத்ததால், 1966இல் கோலாலம்பூரில் அந்த மன்றத்தின் முதல் மாநாடும், 1974இல் யாழ்ப்பாணத்தில் நான்காவது மாநாடும் நடந்தன. அமர்வுக்கு வெளியே அரை மணி நேரம் விடுங்கள். துறை வாரியாக மேசை போட்டால் கூச்சப்படும் மாணவர்களும் வந்து பேசுவார்கள்.

கடைசியாகத் தொகுப்பு நூல். மாநாட்டு நாளிலேயே கையில் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் திருத்தாத கட்டுரைகளை அச்சடித்து, அதைப் பெட்டி பெட்டியாக விமானத்தில் சுமந்து போய், மேலதிகச் சுமைக்குப் பணம் கட்டுகிறோம். மாநாட்டுக்குச் சுருக்கங்களின் சிறு நூல் போதும், அதையும் அந்த ஊரிலேயே அச்சடிக்கலாம். முழுக் கட்டுரைகளைக் கேள்விகளுக்குப் பிறகு திருத்தி வாங்கி, இரண்டு பேரிடம் மதிப்பீடு செய்வித்து, ஆறு மாதம் கழித்து வெளியிடுங்கள். இங்கே வெளியிட்டால் சர்வதேச நூல் எண்ணைக் கொழும்பு 7இலுள்ள தேசிய நூலகத்தில் பெறலாம். மின்பிரதியை ஒருங்குறியில் தயாரித்து, 2005 முதல் இயங்கிவரும் “நூலகம்” என்ற இணைய நூலகத்துக்குக் கொடுத்தால் ரொறன்ரோவில் இருப்பவரும் திருகோணமலையில் இருப்பவரும் ஒரே நாளில் வாசிக்கலாம். அதற்கான அனுமதிக் கையெழுத்தை, பேராளர்கள் பதிவு மேசைக்கு வரும்போதே வாங்கிவிடுங்கள். ஊர் திரும்பியவர்களிடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதற்குள் அடுத்த மாநாடு வந்துவிடும்.