யூரியூப் காசு வன்னிக்கு வந்து சேர

இலங்கையில் பேபால் என்ற இணையப் பணச் சேவை மூலம் காசு பெற முடியாது. கனடா, லண்டன் உறவுகள் யூரியூப் பார்ப்பதால் கிடைக்கும் விளம்பர வருமானமும் அட்சென்ஸ் என்ற கூகுளின் விளம்பரப் பணச் சேவை வழியே வங்கிக்குத்தான் வரவேண்டும்.

பலர் தடுக்கி விழுவது பெயரில். அடையாள அட்டையில் முழுப்பெயர், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல். அட்சென்ஸில் வங்கியில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் போடுங்கள். மாறினால் பணம் திரும்பிப் போகலாம்.

வருமானம் 10 டொலரைத் தொட்டதும் உங்கள் விலாசத்தை உறுதிப்படுத்தும் 6 இலக்கப் பின் (PIN) எண் கடிதமாகத் தபாலில் வரும். விசுவமடுவில் இருப்பவர் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் வீதி, கிட்டிய உப தபாலகம், மாவட்டம் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். தபாற்காரரிடமும் ஒரு சொல் சொல்லி வையுங்கள், அது பெரிய உதவி. 4 மாதத்துக்குள் அந்தப் பின் எண்ணை அட்சென்ஸில் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும்.

அடுத்தது, அட்சென்ஸில் நிரப்பவேண்டிய அமெரிக்க வரிப் படிவம் டபிள்யூ-8பென் (W-8BEN). நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 வீதம் வரை வெட்டுவார்கள்.

பிறகு வங்கிக் கிளையில் சுவிஃப்ட் குறியீட்டை, அதாவது வெளிநாட்டுப் பணம் வருவதற்கான வங்கியின் அடையாளக் குறியீட்டைக் கேட்டு, கணக்கிலக்கத்துடன் அட்சென்ஸில் பதியுங்கள். குறியீடு 8 அல்லது 11 எழுத்து. 100 டொலர் சேர்ந்தால் அடுத்த மாதம் 21க்கும் 26க்கும் இடையில் அனுப்புவார்கள். இடைவங்கி கொஞ்சம் கழிக்கும், தொகை குறைந்தால் பதறவேண்டாம்.